கப்பல் மூழ்கியது, பொறுப்பும் மூழ்குவதா?

அட்டன் நகரில் அண்மையில் நடைபெற்ற ஒரு கூட்டத்தில், கொழும்புக் கடலில் எரிந்த கப்பலைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்த மரக்கறித் தோட்டக்காரர் ஒருவர் எழுந்து நின்றார். "ஐயா, கப்பல் எரிஞ்சது கடல்ல. நம்ம இருக்கிறது மலையில. மீன்காரங்களுக்குக் கிடைக்க வேண்டிய காசுக்கு நம்ம எதுக்குக் கத்தணும்?" என்று கேட்டார். சபையில் சிரிப்பு எழுந்தது. ஆனால் கேள்வி சிரிப்புக்குரியதன்று; நேர்மையான கேள்வி. நேரமின்மையால் அன்று நாம் கூறிய பதில் அரைகுறையாக நின்றுவிட்டது. எஞ்சியதை இங்கே எழுதுகின்றோம்.

முதலில் நடந்ததை நினைவூட்டிக்கொள்வோம். "எக்ஸ்-பிரஸ் பேர்ள்" என்பது சிங்கப்பூர்க் கொடியுடன் ஓடிய புத்தம் புதிய கொள்கலன் கப்பல். 1,486 கொள்கலன்கள் அதில் இருந்தன. அவற்றுள் 25 தொன் நைத்திரிக் அமிலமும் அடக்கம். அமிலக் கொள்கலன் ஒன்று ஒழுகுவது 2021 மே 11 ஆம் திகதியே மாலுமிகளுக்குத் தெரிந்துவிட்டது. கட்டார் நாட்டின் ஹமாத் துறைமுகத்திலும் குஜராத்தின் ஹசீராத் துறைமுகத்திலும் அதனை இறக்கிவிட முயன்றனர். இரு இடத்திலும் முடியவில்லை. ஒழுகும் கொள்கலனுடனேயே கப்பல் கொழும்பை நோக்கி வந்தது. மே 20 ஆம் திகதி, துறைமுகத்திலிருந்து ஏறக்குறைய ஒன்பதரைக் கடல் மைல் தூரத்தில் தீ மூண்டது. மே 25 ஆம் திகதி வெடித்தது. ஜூன் 2 ஆம் திகதி ஆழ்கடலுக்கு இழுத்துச் செல்ல முயன்றபோது பின்புறம் தரைதட்டி நின்றது. பின்னர் முற்றாக மூழ்கியது.

கப்பலின் தாங்கிகளில் முந்நூறு தொன்னுக்கு மேற்பட்ட எரிபொருள் இருந்தது. அது வெளிவருமோ என்ற அச்சத்தில் நாடு கடலைப் பார்த்துக்கொண்டிருக்கையில், வேறொன்று கரை ஏறிற்று. ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள், பருப்பளவினும் சிறியவை, சரக்குவையிலும் நீர்கொழும்பிலும் கரையை வெண்மணலாக மூடின. உலகில் பதிவான பிளாஸ்டிக் மணிச் சிதறல்களுள் இதுவே மிகப் பெரியது என்று ஐக்கிய நாடுகளின் நிபுணர்கள் எழுதினர். எண்ணெயைத் துடைத்தெடுக்கலாம். எரிந்த பிளாஸ்டிக்கைச் சல்லடை போட்டே சலிக்கவேண்டும். மீனவர் கடலுக்குப் போகத் தடை வந்தது. இறந்து ஒதுங்கிய ஆமைகள் மாத்திரம் நானூறுக்கு மேல்.

அரசாங்கம் செய்தது என்ன? படம் பிடித்தது. குழு அமைத்தது. நிபுணர்கள் கூடி நட்டம் 640 கோடி டொலர் வரை என மதிப்பிட்டனர். ஆனால் வழக்கை எந்த நாட்டில் தொடுப்பது என்ற விவாதத்திலேயே மாதங்கள் கழிந்தன. ஈராண்டுக் காலவரையறை முடியும் தறுவாயில், 2023 ஏப்ரலில், சிங்கப்பூரில் வழக்குத் தாக்கலாயிற்று. வழக்கைத் தாமதப்படுத்த லஞ்சம் கைமாறியதாகப் பாராளுமன்றத்தில் முறையிட்டவர் அந்நாளைய நீதியமைச்சரேயாவார்! நீதியமைச்சர் புகார் சொல்லுமிடத்தில் சாதாரணக் குடிமகன் யாரிடம் போய்ச் சொல்வது?

நல்லவேளையாக, அமைச்சுகளுக்காகக் காத்திராதவர்களும் இந்நாட்டில் இருந்தனர். சுற்றாடல் நீதிக்கான நிலையமும் மீனவரும் கத்தோலிக்கத் திருச்சபையினரும் அடிப்படை உரிமை மனுக்களுடன் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றனர். 2025 ஜூலை 24 ஆம் திகதி, பிரதம நீதியரசர் முர்து பெர்னாண்டோ தலைமையில் ஐவர் அடங்கிய ஆயம், 361 பக்கத் தீர்ப்பை வழங்கியது. கப்பலின் உரிமையாளர், நடத்துநர், உள்ளூர் முகவர் ஆகியோரைத் தனித்தனியே நழுவவிடாது ஒரே குழுவாகப் பிடித்து, நூறு கோடி டொலரைச் செலுத்துமாறு பணித்தது. 2025 செப்டம்பர் 23 இல் 25 கோடி, 2026 ஜனவரி 23 இல் 50 கோடி, 2026 ஜூலை 23 இல் எஞ்சிய 25 கோடி என்று தவணையும் குறித்தது. அரசாங்கத்தையும் அது விட்டுவைக்கவில்லை. அந்நாளைய இராஜாங்க அமைச்சர் நாலக கொடஹேவாவும் கடல் சூழல் பாதுகாப்பு அதிகாரசபையும் கடமை தவறிக் குடிமக்களின் உரிமையை மீறினர் என்று கூறியது. சட்டமா அதிபர் திணைக்களத்தின் நடத்தையையும் கண்டித்தது.

தீர்ப்பைப் படித்தபோது எமக்கு உண்டான மகிழ்ச்சி இரண்டு மாதங்கூட நீடிக்கவில்லை. முதல் தவணைக்குரிய அதே செப்டம்பரில், எக்ஸ்-பிரஸ் பீடர்ஸ் கம்பனியின் தலைமை அதிகாரி அத்தொகையைச் செலுத்தப்போவதில்லை என்று செய்தியாளரிடம் பகிரங்கமாகக் கூறினார். நடந்ததற்காக வருந்துவதாகச் சொன்னார். சிதைவை அகற்றவும் கரையைத் துப்புரவு செய்யவும் மீனவருக்குக் கொடுக்கவும் ஏற்கெனவே 17 கோடி டொலர் செலவிட்டதாகவும் சொன்னார். ஆனால் எல்லையற்ற பொறுப்பை ஏற்பது கப்பல் வாணிபத்தின் அடிப்படைக்கே மாறானது என்றார். அவர் கையில் ஓர் ஆயுதமும் இருந்தது. 2023 இல் இலண்டன் கடல்வழக்கு நீதிமன்றம் இக்கப்பலின் பொறுப்புக்கு விதித்த உச்சவரம்பு: 1 கோடி 90 லட்சம் பவுண், அதாவது ஏறக்குறைய இரண்டரைக் கோடி டொலர். எமது நீதிமன்றம் சொன்ன தொகையில் இது நாற்பதில் ஒரு பங்கு.

இந்த "உச்சவரம்பு" என்னும் சரக்கைப் பற்றிச் சட்டம் படியாத வாசகர்களுக்குச் சிறிது சொல்லவேண்டும். வண்டிக்காரன் ஒருவன் உங்கள் வேலியை இடித்தால், நட்டம் எவ்வளவோ அவ்வளவு அவன் கடன். கப்பற்காரனுக்கு அப்படியில்லை. கப்பலின் எடைக்கணக்கைப் பார்த்து, அதற்குமேல் ஒரு சதமும் கேட்கக்கூடாது என்று நாடுகள் தமக்குள் உடன்படிக்கை செய்துகொண்டுள்ளன. கெட்டது கடல் எவ்வளவு என்பது கணக்கில் வராது. கப்பல் எவ்வளவு பெரியது என்பதே கணக்கு.

1967 மார்ச்சில் "டொரி கன்யன்" என்ற எண்ணெய்க் கப்பல் இங்கிலாந்தின் கோர்ண்வால் கரைக்கப்பால் பாறையில் மோதி, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட தொன் மசகெண்ணெயைக் கடலில் விட்டது. அப்போது கப்பலின் சொந்தக்காரர் அமெரிக்கச் சட்டத்தைக் காட்டி ஒரு வாதம் செய்தனர்: விபத்துக்குப்பின் எஞ்சியது ஓர் உயிர்காப்புப் படகு, அதன் விலை 50 டொலர், ஆகவே எமது பொறுப்பும் 50 டொலர்! இது கட்டுக்கதையன்று, வழக்கேட்டில் உள்ள சங்கதி. இதைக் கேட்ட பிரித்தானிய அரசாங்கம் மாநாடு கூட்டிக்கொண்டிருக்கவில்லை. அதே சொந்தக்காரரின் மற்றொரு கப்பலான "லேக் பலூர்ட்" சிங்கப்பூரில் வந்து நின்றபோது, 1967 ஜூலையில் அதன்மீது பிடியாணையை ஒட்டிச் சிறைப்படுத்தியது. பிணை கட்டிய பிறகே கப்பல் விடப்பட்டது. பிரெஞ்சு அரசாங்கமும் பின்னர் ரொட்டர்டாமில் அவ்வாறே செய்தது. முடிவில் 30 லட்சம் பவுண் வந்தது. ஐம்பது டொலரிலிருந்து முப்பது லட்சம் பவுணுக்கு அவர்களைக் கொண்டுவந்தது தர்க்கமன்று. சங்கிலியால் கட்டப்பட்ட ஒரு கப்பல்.

கம்பனியின் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. வரம்பே இல்லையானால் காப்புறுதி செய்வார் இல்லை, காப்புறுதி இல்லையானால் கப்பல் ஓடாது, கப்பல் ஓடாவிட்டால் கொழும்பு ஏலத்தில் விற்ற எமது தேயிலையும் துறைமுகத்திலேயே கிடக்கும் என்பது மெய்யே. ஆனால் அந்த உடன்படிக்கையே, பொறுப்பாளி தானே வேண்டுமென்று அல்லது விளைவு தெரிந்தும் துணிந்து செய்த செயலால் விளைந்த நட்டத்துக்கு வரம்பு இல்லை என்றும் சொல்கிறது. வரம்பு, நேர்மையான விபத்துக்குரிய சலுகை. அமிலம் ஒழுகும் செய்தி உரிய வேளையில் உரியவர்க்கு உண்மையாகச் சொல்லப்படவில்லை என்பதன்மீது எமது நீதிமன்றத்தின் தீர்ப்பு நிற்கிறது. அந்நிலையில் சலுகையைக் கேட்க எந்த முகத்துடன் வருகிறார்கள்?

இங்கே நுவரெலியா விவசாயிகளுக்கு ஒரு பழைய கணக்கை நினைவூட்டுகிறோம். கப்பல் எரிந்த அதே 2021 மே மாதத்தில்தான் இரசாயன உர இறக்குமதிக்கு அரசாங்கம் தடை விதித்தது. உருளைக்கிழங்கும் கோவாவும் கரட்டும் போட்டவர்களுக்கு அந்தப் பருவங்கள் எப்படி முடிந்தன என்பதை நாம் எழுதவேண்டியதில்லை. தடைக்குப்பின் சீனக் கம்பனி ஒன்றிடம் சேதன உரம் வாங்க ஒப்பந்தமாயிற்று. மாதிரியில் தீங்கான நுண்கிருமிகள் இருப்பதாக எமது அதிகாரிகளே சொல்லிச் சரக்கை ஏற்க மறுத்தனர். வந்த கப்பல் இறக்காமலே திரும்பியது. ஆயினும் 2022 ஜனவரியில் மக்கள் வங்கி அக்கம்பனிக்கு ஏறத்தாழ 69 லட்சம் டொலரைச் செலுத்தியது. மண்ணில் விழாத உரத்துக்குப் பணம் சில மாதங்களில் போய்ச் சேர்ந்தது. கடலில் விழுந்த நஞ்சுக்கோ, நாலாண்டு கழித்துத் தீர்ப்பு வந்த பின்னும் கம்பனி கையை விரிக்கிறது. கொடுக்கும்போது எம்மவருக்கு இருக்கும் வேகம் வாங்கும்போது எங்கே போகிறது?

வேகம் இல்லையென்பது மட்டும் எமது பயமன்று. களைப்பினால் சமரசத்துக்கு இணங்கிவிடுவார்களோ என்பதும் பயம். போபால் நச்சுவாயுவுக்கு இந்திய அரசாங்கம் 330 கோடி டொலர் கேட்டது. நியூயோர்க் நீதிமன்றம் 1986 இல் வழக்கை இந்தியாவுக்கே திருப்பி அனுப்பியது. 1989 இல் 47 கோடி டொலருக்கு இணக்கம் கண்டார்கள். கூடுதல் நட்டஈடு கேட்டு அந்த இணக்கத்தை மீண்டும் திறக்க முயன்ற மனு 2023 இல் இந்திய உச்ச நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. அலாஸ்காவில் "எக்ஸன் வால்டீஸ்" 1989 இல் கொட்டிய எண்ணெய்க்கு ஜூரர்கள் தண்டமாக விதித்த 500 கோடி டொலர், 2008 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பில் ஏறத்தாழ 50 கோடியாகத் தேய்ந்தது. பத்தொன்பது ஆண்டுகள்! அதற்குள் எத்தனை மீனவர் இறந்திருப்பர்? கம்பனிகளுக்குக் காலம் கூலி வாங்காத வக்கீல்.

இனி அந்தத் தோட்டக்காரரின் கேள்விக்கு வருவோம். கடலுக்கும் மலைக்கும் என்ன உறவு?

பூகோளத்தின்படி பார்த்தால், கெசல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கையாகி மட்டக்குளிக்கருகே கடலில் விழுகின்றன. நோர்வூட்டிலும் மஸ்கெலியாவிலும் எமது மக்கள் துணி துவைத்த நீர் அந்தக் கடலுக்கே போகிறது. ஆனால் நாம் சொல்ல வந்த உறவு நீரின் உறவன்று; சட்டத்தின் உறவு. மாசு செய்தவனே விலை கொடுக்கவேண்டும், இயற்கை வளத்தை அரசாங்கம் மக்களின் நம்பிக்கைப் பொறுப்பாகவே வைத்திருக்கிறது என்னும் இரு கோட்பாடுகளும் கடலுக்கு மட்டும் எழுதப்பட்டவையல்ல. அவற்றை இந்நாட்டில் வேரூன்றச் செய்தவர்களுள் முதன்மையானவர்கள் விவசாயிகள்: அனுராதபுர மாவட்டத்து எப்பாவலையில் பொஸ்பேற்று மலையை அந்நியக் கம்பனிக்குக் கொடுக்கும் திட்டத்தை எதிர்த்து 2000 ஆம் ஆண்டில் வென்றவர்கள்.

அடுத்தது யாழ்ப்பாணத்துச் சுன்னாகம். அங்கே எண்ணெய் கடலில் கொட்டவில்லை, கிணற்றில் ஊறியது. மின்நிலையத்துக் கழிவெண்ணெய் சுண்ணாம்புக்கல்லினூடே நிலத்தடி நீரில் கலந்தது. நீர் வழங்கல் சபை ஆராய்ந்த 150 கிணறுகளில் 109 இல் எண்ணெய்ப்பசை அளவுக்கு மீறியிருந்தது. வட மாகாண சபை அமைத்த நிபுணர் குழுவோ அபாயம் எதுவும் இல்லையென்று அறிக்கை தந்தது! வாளியில் எண்ணெய் மிதக்கக் கண்ட விவசாயியிடம் அறிக்கையை நீட்டினால் அவன் என்ன செய்வான்? தமிழர் தம் சொந்தச் சபையும் இவ்விஷயத்தில் தவறியதை மறைப்பது எமக்கு அழகன்று. வழக்கைத் தொடுத்தவர் கலாநிதி ரவீந்திர குணவர்த்தன காரியவசம் என்னும் சிங்களச் சுற்றாடலாளர் என்பதையும் நன்றியுடன் சொல்லவேண்டும். 2019 ஏப்ரல் 4 ஆம் திகதி உயர் நீதிமன்றம் நொதேர்ண் பவர் கம்பனி 2 கோடி ரூபா செலுத்த வேண்டுமெனத் தீர்த்தது. கிணறு ஒன்றுக்கு அதிகபட்சம் 40,000 ரூபா, ஐந்நூறு பேருக்கு மேற்படாமல். தொகை சிறிது. ஆனால் தனியார் கம்பனி ஒன்றை அடிப்படை உரிமை வழக்கில் பொறுப்பாளியாக்கிய தீர்ப்பு அது.

மலைநாட்டில் இவ்வாறு ஒரு தீர்ப்பு ஏன் வரவில்லை? எண்ணெய் கசியவில்லையா? நாமறிந்த ஒன்றைச் சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு தோட்டத்தில், தேயிலைத் தொழிற்சாலையின் பின்னாலிருந்த டீசல் தாங்கி ஒழுகி ஓடையில் கலந்தது. கீழ் லயத்தின் பீலியில் தண்ணீர் நிறம்நிறமாக மின்னியது. குடத்தை முகர்ந்தால் லொறி மணம். பெரிய துரையிடம் போனார்கள். தாங்கி ஒப்பந்தக்காரருடையது என்றார். ஒப்பந்தக்காரர், நிலம் தோட்டத்தினது என்றார். அதிகாரிகள் மூன்று வாரம் கழித்து வந்தனர். அதற்குள் மழை பெய்து ஓடை தெளிந்துவிட்டது. தோட்டத் தலைவர் எம்மிடம் கோவையுடன் வந்தது நாற்பத்திரண்டாம் நாள். அவர் முதல் வாரத்திலேயே தொலைபேசியில் அழைத்திருந்தார். தீபாவளி முடியட்டும், வாருங்கள் என்று சொன்னவர்கள் நாமே. அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின்படி அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்யவேண்டும் என்பதைச் சட்டத்தரணியான எமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு கடிதம் எழுதியதோடு அவ்விஷயம் முடிந்தது.

ஆகவே இதை எல்லாரும் அறிந்துகொள்ளட்டும். பீலியில் எண்ணெயோ மருந்தோ கலந்தால், அன்றே இரண்டு போத்தலில் நீரை எடுத்து, திகதியும் நேரமும் எழுதி, இருவர் ஒப்பமிட்டு வையுங்கள். படம் எடுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும் எழுத்தில் கொடுத்துப் பிரதியில் முத்திரை வாங்குங்கள். கம்பனி மட்டும் தவறினால் உரிமை மனு நில்லாது, அரச அதிகாரி கடமை தவறியதும் தெரியவேண்டும். ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், 1996 ஆம் ஆண்டு 21 ஆம் இலக்கச் சட்டப்படி அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஆனால் விசாரணை உண்மையில் நடந்தது என்று காட்டவேண்டும், முறைப்பாட்டுத் துண்டு மட்டும் போதாது. இவற்றுக்கெல்லாம் காலம் தப்பினாலும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 98 ஆம் பிரிவின்கீழ் பொதுத்தொல்லையை நீக்க நீதவானிடம் கட்டளை கேட்கலாம். நாம் அன்று அதையும் செய்யவில்லை.

துரையும் ஒப்பந்தக்காரரும் பந்தடித்த அந்த விளையாட்டு, கப்பற்காரர் ஆடிய அதே விளையாட்டுத்தான். கப்பலின் கொடி ஓரிடம், முகவர் ஓரிடம், காப்புறுதி இன்னோரிடம். இங்கே 1972 இலும் 1975 இலும் அரசுடைமையான நிலம் அரசாங்கத்தினது, 1992 முதல் நடத்துவது கம்பனி, கம்பனியை முகாமை செய்வது மற்றொரு கம்பனி, மருந்தடிப்பது ஒப்பந்தக்காரர். 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, முன்னரே எச்சரித்தோம் என்று சொல்ல ஆட்கள் இருந்தார்கள்; போய் இருக்க இடம் தந்தோம் என்று சொல்ல ஒருவரும் இல்லை. கப்பல் வழக்கில் எல்லாரையும் ஒரே குழுவாகக் கட்டி நிறுத்திய தீர்ப்பு எமக்கு ஏன் வேண்டும் என்பது இப்போது விளங்கும். அது கொழும்புக் கடலில் செல்லாக்காசாகிவிட்டால், அட்டன் நீதிமன்றத்தில் நாம் அதை எடுத்துக்காட்டும்போது எதிர்த்தரப்புச் சட்டத்தரணி சிரிப்பார்.

அரசாங்கத்திடம் நாம் கேட்பது சில. உடன்படிக்கை வரம்பைத் தகர்க்கும் வாதத்தை இலண்டனிலும் சிங்கப்பூரிலும் சட்டமா அதிபர் எந்த நிலையில் வைத்திருக்கிறார் என்பதைப் பாராளுமன்றத்தில் சொல்லவேண்டும். அக்குழுவின் கப்பலோ சொத்தோ எமது சட்டம் எட்டும் இடத்தில் அகப்பட்டால் கைப்பற்றும் ஏற்பாடு உண்டா என்பதைச் சொல்லவேண்டும். 1983 ஆம் ஆண்டின் கடல்வழக்கு நியாயாதிக்கச் சட்டம் அலமாரியில் வைக்க இயற்றப்பட்டதன்று. இரகசிய இணக்கம் எதுவும் மீனவரைக் கேளாமல் செய்யப்படாது என்ற உறுதி வேண்டும். நுவரெலியா மாவட்டத்திலிருந்து பாராளுமன்றம் சென்ற எமது அங்கத்தவர்கள், மூன்று தவணைத் திகதிகளையும் கையில் வைத்துக்கொண்டு, எவ்வளவு வந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்கட்டும். அதே எழுச்சியில், தோட்டத் தொழிற்சாலைகளுள் எத்தனைக்குச் செல்லுபடியான சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் இருக்கிறதென்றும் கேட்கட்டும். பதில் கிடைத்ததும் இப்பத்திரிகையில் தோட்டவாரியாக வெளியிடுவோம்.